46 டாலர் கொடுத்து வாங்கிய இலவச சிடி

கம்ப்யூட்டர் படித்தவனை ஆன்லைனில் யாரும் ஏமாற்ற முடியாது என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையின் விலை 60 டாலர் என்று 2024-ல் தெரிந்துகொண்டேன்.

ஏலத் தளம் ஒன்றில் பழைய இசை நிகழ்ச்சி ஒன்றின் இரட்டை சிடியை 46 டாலருக்கு எடுத்தேன். தபால் செலவு 14 டாலர். நம் பணத்தில் ஏறக்குறைய 5,000 ரூபாய். சிடி ஒழுங்காக வந்து சேர்ந்தது, உடையவில்லை, பாடியது. பிறகு எப்படி ஏமாந்தேன் என்கிறீர்களா? அதைக் கண்டுபிடிக்க எனக்கே இரண்டு வாரம் ஆனது. அப்படி ஒரு சிடி உங்கள் கைக்கு வந்தால், இரண்டு வாரம் ஆகாமல் ஒரே மாலையில் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே சோதித்துவிடலாம். எப்படி என்று பார்ப்போம். அந்தத் தளத்தின் பெயரும் விற்றவரின் பெயரும் இங்கே தேவையில்லை. இந்த வியாபாரம் பல தளங்களில் ஒரே மாதிரிதான் நடக்கிறது.

பூட்லெக் என்பது என்ன?

திருட்டு சிடி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று வகை உண்டு. கடையில் விற்கும் ஆல்பத்தை அட்டைப்படம் முதல் அப்படியே போலியாக அச்சடிப்பது ஒன்று. வெளிவந்த பாடல்களைத் திரட்டித் தன் இஷ்டத்துக்கு ஒரு சிடியில் போட்டு விற்பது இரண்டாவது. மூன்றாவதுதான் பூட்லெக். இசைக் கம்பெனி வெளியிடவே வெளியிடாத பதிவு இது. மேடை நிகழ்ச்சியைக் கூட்டத்தில் உட்கார்ந்து யாரோ பதிவு செய்தது, ஸ்டுடியோவில் ஒதுக்கிப் போட்ட ஒத்திகை, வானொலியில் ஒரு முறை ஒலிபரப்பாகி மறைந்தது போன்றவை. அமெரிக்காவில் பூட்ஸ் காலுக்குள் சாராய பாட்டிலை ஒளித்துக் கடத்தியதிலிருந்து வந்த சொல்.

ராக் இசையில் இந்தத் தொழிலை 1969-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் வந்த ஒரு இசைத்தட்டிலிருந்து கணக்கிடுவார்கள். பாப் டிலனின் வெளிவராத பாடல்கள் அடங்கிய அதன் பெயர் கிரேட் ஒயிட் ஒண்டர். வெள்ளை உறை, அதன் மேல் ஒரு ரப்பர் ஸ்டாம்ப், அவ்வளவுதான். 1980-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் இத்தாலி, ஜெர்மனி சட்டங்களில் இருந்த ஓட்டைகளைப் பயன்படுத்தி பூட்லெக் சிடிகள் ஆலையிலேயே அச்சாகி வந்தன. டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் இதற்கென்றே கடைகள் இருந்தன. ஏலத்தில் ஒரு சிடியை 'ஜப்பான் சில்வர்' என்று குறிப்பிட்டால் விலை ஏறுவது இதனால்தான். சில்வர் என்றால் ஆலையில் அச்சடித்த டிஸ்க், வீட்டில் ரைட் செய்தது அல்ல என்று பொருள்.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. மார்கழிக் கச்சேரிகளில் மடியில் டேப் ரெக்கார்டரை மறைத்து வைத்துப் பதிவு செய்த ரசிகர்கள் உண்டு. அந்தக் கேசட்டுகள் பெரும்பாலும் காசுக்குக் கைமாறவில்லை, இன்னொரு கச்சேரிக் கேசட்டுக்குத்தான் கைமாறின. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான் ஆசைப்பட்டது

நான் வாங்கியது பிங்க் ஃப்ளாய்ட் இசைக்குழு 1975 ஏப்ரல் 26 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்போர்ட்ஸ் அரீனாவில் நடத்திய நிகழ்ச்சி. ஹாஸ்டலில் பக்கத்து அறை சீனியர் புண்ணியத்தில் எனக்குப் பிடித்த வியாதி பிங்க் ஃப்ளாய்ட். இந்த நிகழ்ச்சிக்கு மட்டும் ஏன் இத்தனை மவுசு என்றால், 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பம் வெளிவந்தது அதே ஆண்டு செப்டம்பரில்தான். அதற்கு ஐந்து மாதம் முன்பே அதன் பாடல்களை மேடையில் வாசித்துப் பார்த்திருக்கிறார்கள். 1977-ல் 'அனிமல்ஸ்' ஆல்பத்தில் 'டாக்ஸ்', 'ஷீப்' என்று வந்த இரண்டு பாடல்கள் இங்கே வேறு பெயரில், வேறு வரிகளோடு இருக்கின்றன. ஒரு பாடல் வளர்வதைக் கேட்கலாம். இதுதான் பூட்லெக் சேகரிப்பவர்களின் பலவீனம்.

இதைப் பதிவு செய்தவர் மைக் மில்லர்ட். 1970-களில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து பெயர் பெற்றவர். நல்ல ஏகேஜி மைக்குகள், நாகமிச்சி 550 என்ற கனமான கேசட் ரெக்கார்டர் ஆகியவற்றைக் காவலர்களுக்குத் தெரியாமல் உள்ளே கொண்டு போக அவர் கண்ட வழி சக்கர நாற்காலி. நடக்க முடிந்தவர்தான். நாற்காலியில் உட்கார்ந்து, அதில் கருவியை மறைத்து, நண்பர்கள் தள்ளிக்கொண்டு போவார்கள். திரைப்படத்தில் வந்தால் நம்ப மாட்டோம்.

மில்லர்ட் தன் பதிவுகளை விற்கவில்லை. நண்பர்களுக்குப் பிரதி கொடுத்தார். கொடுத்த ஒவ்வொரு பிரதியிலும் ரகசியமாக ஒரு அடையாளம் வைப்பாராம். அது பூட்லெக் தட்டாக வெளிவந்தால், கசிந்தது யார் வழியாக என்று கண்டுபிடிக்கலாம் அல்லவா? இன்றைய டிஜிட்டல் வாட்டர்மார்க்கை கேசட் காலத்திலேயே ஒருவர் யோசித்திருக்கிறார். அவர் 1994-ல் இறந்தார். அவர் பதிவுகளோ சிடியாகவும் சிடி-ஆர் ஆகவும் உலகம் முழுவதும் விற்றுக்கொண்டே இருந்தன.

46 டாலர் எப்படி வந்தது?

ஏலத் தளங்களில் நீங்கள் ஒவ்வொரு டாலராக ஏற்றிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள் என்று ஒரே முறை சொல்லிவிட்டால் போதும், உங்களுக்குப் பதிலாக மென்பொருள் கேட்டுக்கொண்டே போகும். எதிராளியின் அதிகபட்சத்தைவிட ஒரு படி மேலே போனதும் நின்றுவிடும். நான் 50 டாலர் கொடுத்து வைத்தேன். ஏலம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போதுகூட விலை 21 டாலர்தான். கடைசி எட்டு விநாடியில் யாரோ 45 கேட்டார். என் பெயரில் மென்பொருள் 46 என்றது. மணி அடித்தது, ஏலம் என்னுடையது.

கடைசி நொடியில் பாய்வது சட்டப்படி சரியான உத்திதான். இதை ஸ்னைப்பிங் என்பார்கள், இதற்கென்றே புரோகிராம்கள் உண்டு. ஆனால் அந்த 45 டாலர்காரர் உண்மையான ரசிகரா, விற்றவரே இன்னொரு கணக்கில் வந்து ஏற்றினாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. அவருடைய கணக்கைத் திறந்து பார்த்தேன். அவர் ஏலம் கேட்டதெல்லாம் இந்த ஒரே விற்பனையாளரிடம். இதை நான் பார்த்தது பணம் கட்டிய பிறகு.

பணம் கட்டிய பிறகு பார்த்த இன்னொன்றும் உண்டு. தளத்தின் தேடல் பக்கத்தில் 'விற்று முடிந்தவை' என்று ஒரு வடிகட்டி இருந்தது. அதை டிக் செய்து பார்த்தால், 'மிக அரிது, ஒன்றே ஒன்று' என்ற அதே தலைப்பு, அதே புகைப்படம், மூன்று மாதத்தில் 11 முறை விற்றிருக்கிறது. ஒன்றே ஒன்றை எப்படி 11 முறை விற்பது? ஏலத்தில் இறங்கும் முன் இந்த ஒரு டிக்கைப் போட்டுப் பாருங்கள். கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்தாலும் இது போதும்.

கண்ணுக்குத் தெரிவது

சிடி வந்தது. என் லேப்டாப்பில் சிடி டிரைவ் கிடையாது. இப்போது யார் லேப்டாப்பில்தான் இருக்கிறது? அப்பாவின் பழைய டெஸ்க்டாப்பைத் தூசி தட்டினேன். 'பாட்டுதான் போன்லயே வருதேடா, இதுக்கா கப்பல்ல வரவழைச்சே?' என்றார்.

டிஸ்க்கின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஆலையில் அச்சடித்தது தூய வெள்ளி நிறத்தில் இருக்கும். வீட்டில் ரைட் செய்யும் சிடி-ஆரில் சாயப்பூச்சு இருப்பதால் பச்சையோ நீலமோ பொன்னிறமோ கலந்து தெரியும். நடுத்துளையைச் சுற்றியுள்ள வளையத்தில் ஆலை பொறித்த எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். என்னுடையது லேசான பச்சை. வெளிச்சம் சரியில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மனதைத் தேற்றிக்கொள்ள முடியாத சோதனையும் இருக்கிறது. வெற்று சிடி-ஆர் தயாராகும்போதே அதன் பள்ளத்தில் ஏடிஐபி என்ற தகவல் பதிந்துவிடும். எந்தத் தயாரிப்பு, எத்தனை நிமிடம் என்றெல்லாம் அதில் இருக்கும். ஆலையில் அச்சடித்த சிடியில் இது இருக்காது. இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருளைத் திறந்து டிஸ்க்கைப் போட்டால் வலது பக்கத்தில் ஏடிஐபி விவரம் வந்து நிற்கும். எனக்கு வந்து நின்றது. ஜப்பான் சில்வர் என்றது பொய்.

சரி, சிடி-ஆர் ஆகவே இருக்கட்டும், உள்ளே இருக்கும் ஒலி நல்ல மூலத்திலிருந்து எடுத்ததாக இருந்தால் போதுமே என்று நினைத்தேன். விளம்பரத்தில் 'மாஸ்டர் கேசட்டிலிருந்து நேரடியாக' என்று வேறு எழுதியிருந்தார்.

காதுக்குத் தெரிவது

மேடை நிகழ்ச்சி இடைவெளி இல்லாமல் ஓடுவது. ஒரு பாடல் முடிந்து கைதட்டல் எழுந்து, அதன் மேலேயே அடுத்த பாடல் தொடங்கும். என் சிடியில் டிராக் மாறும் ஒவ்வொரு இடத்திலும் கைதட்டலில் ஒரு சின்ன விக்கல். கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. முதலில் பழைய டிரைவின் கோளாறு என்றே நினைத்தேன். ஆனால் எப்போதும் டிராக் எல்லையில் மட்டும் எப்படி விக்கும்?

இதற்குக் காரணம் எம்பி3 வேலை செய்யும் விதம். எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக வெட்டித்தான் சுருக்கும். சிடியில் ஒரு விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்பதால் ஒரு துண்டு 26 மில்லி விநாடி. பாடல் சரியாகத் துண்டின் எல்லையில் முடிவதில்லை. மீதியை வெறுமையால் நிரப்பும். தொடக்கத்திலும் சுருக்கும் மென்பொருள் கொஞ்சம் வெறுமையைச் சேர்க்கும். தனித்தனிப் பாடல்களாகக் கேட்டால் இது யாருக்கும் தெரியாது. ஓர் இசை நிகழ்ச்சியைப் பாடல் பாடலாக எம்பி3 ஆக்கி, அதைத் திரும்ப விரித்து சிடியில் ரைட் செய்தால், ஒவ்வொரு இணைப்பிலும் அந்த வெறுமை விக்கலாக நிற்கும். லேம் போன்ற மென்பொருள்கள் இந்த வெறுமையின் அளவைப் பைலுக்குள் குறித்து வைக்கின்றன, நல்ல பிளேயர்கள் அதைப் படித்துத் தவிர்த்துவிடும். சிடி ரைட் செய்பவர் அதையெல்லாம் கவனித்தால்தானே?

விக்கலுக்கு இன்னொரு காரணமும் உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். சிடியில் ஒலி 588 மாதிரிகள் கொண்ட கட்டங்களாக அமரும், விநாடிக்கு 75 கட்டங்கள். டிராக்கைக் கட்டத்தின் எல்லையில் வெட்டாமல் நடுவில் வெட்டினால், ரைட் செய்யும்போது மிச்சம் நிரப்பப்பட்டு 'டிக்' என்று கேட்கும். எம்பி3 பக்கமே போகாத நல்ல பதிவிலும் இந்தத் தவறு நேரலாம். ஆகவே விக்கலை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

படமாகப் பார்ப்பது

ஒலியைக் கண்ணால் பார்க்க இலவச மென்பொருளான ஆடாசிட்டி போதும். முதலில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மூலம் சிடியின் ஒரு டிராக்கை வேவ் பைலாக ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஆடாசிட்டியில் திறந்து, இடது பக்கம் டிராக் பெயரைக் கிளிக் செய்தால் வரும் மெனுவில் ஸ்பெக்ட்ரோகிராம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன் செட்டிங்ஸில் மேக்ஸிமம் ஃப்ரீக்வென்ஸி என்ற இடத்தில் 22050 கொடுங்கள். அலை மறைந்து வண்ணப் படம் வரும். கீழே தடித்த ஒலிகள், மேலே போகப் போகக் கீச்சொலிகள்.

கேசட்டிலிருந்து ஒழுங்காக எடுத்த பதிவில் மேல் பகுதி மெல்ல மெல்ல மங்கிப் போகும். அந்த உயரத்தில் இசை அதிகம் இருக்காது, ஆனால் டேப்பின் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் மேலே வரை படர்ந்திருக்கும். 128 கேபிபிஎஸ் எம்பி3-யிலோ 16 கிலோ ஹெர்ட்ஸ் அருகே அரிவாளால் சீவியது போல ஒரு நேர்க்கோடு, அதற்கு மேல் ஒன்றுமே இருக்காது. இடத்தை மிச்சப்படுத்த, பெரும்பாலோர் காதுக்கு எட்டாத பகுதியை எம்பி3 தூக்கி எறிந்துவிடுகிறது. எறிந்தது எறிந்ததுதான். மீண்டும் வேவ் ஆக்கினாலும், சிடியில் போட்டாலும், தங்கத்தட்டில் போட்டாலும் திரும்பி வராது.

இங்கும் அவசரப்படக் கூடாது. பண்பலை வானொலி 15 கிலோ ஹெர்ட்ஸ் வரைதான் ஒலிபரப்பும். டேட் ரெக்கார்டரில் நேரத்தை மிச்சப்படுத்தும் வேகத்தில் பதிவு செய்தாலும் 16-க்கு மேல் இருக்காது. இந்தப் பதிவுகளிலும் அதே நேர்க்கோடு தெரியும், ஆனால் அவை போலி அல்ல. என் விஷயத்தில் விளம்பரம் சொன்னது மாஸ்டர் கேசட். கேசட்டுக்கு அரிவாள் கோடு வராது. விக்கலும் இருக்கிறது, கோடும் இருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் விடை எம்பி3.

இலவசம் என்று தெரிந்தது

பூட்லெக் சேகரிப்பவர்களில் விற்காத கூட்டம் ஒன்று உண்டு. உண்மையில் பெரிய கூட்டம் அதுதான். கேசட் காலத்தில் அவர்களது வழக்கம் இது: வெற்றுக் கேசட்டையும் தபால் தலையையும் நீங்கள் அனுப்பினால் பதிவு செய்து திருப்பி அனுப்புவார்கள், பைசா வாங்க மாட்டார்கள். இன்டர்நெட் வந்த பிறகு டோரண்ட். ஆனால் எம்பி3 கூடாது, தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் போன்ற பார்மட்தான் வேண்டும். கூடவே ஒரு டெக்ஸ்ட் பைல் இருக்கும். யார் பதிவு செய்தது, எந்த மைக், எந்த டேப்பிலிருந்து எந்தக் கருவி வழியாக, எந்த மென்பொருளால் மாற்றியது என்று ஜாதகமே எழுதியிருக்கும். ஒவ்வொரு பைலுக்கும் எம்டி5 என்ற கைரேகை எண்ணும் இருக்கும். நடுவில் யாராவது ஒரு பிட்டை மாற்றினாலும் அந்த எண் காட்டிக் கொடுத்துவிடும். கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுதான்: 'விற்காதீர்கள், எம்பி3 ஆக்கிப் பரப்பாதீர்கள்.' என் விற்பனையாளர் ஒரே சிடியில் இரண்டையும் செய்திருந்தார்.

அதே நிகழ்ச்சியின் ஃப்ளாக் தொகுப்பை அவர்களிடம் இருந்து எடுத்து ஒப்பிட்டேன். டிராக்குகள் வெட்டிய இடங்கள் எல்லாம் ஒன்றே, ஒவ்வொன்றிலும் வித்தியாசம் பத்தில் ஒரு விநாடிக்கும் குறைவு. முதல் சிடியின் முடிவில் தொகுத்தவர் கைதட்டலை மெல்லக் குறைத்து முடித்திருந்தார். என் சிடியிலும் அதே இடத்தில், அதே அளவு குறைகிறது. இரண்டு பேர் தனித்தனியாகச் செய்தால் இப்படிப் பொருந்தாது. யாரோ இலவசமாகக் கொடுத்ததை எம்பி3 ஆக்கி, சிடி-ஆரில் ஊற்றி, கலர் பிரிண்டரில் ஓர் அட்டை அடித்து என்னிடம் 46 டாலர் வாங்கியிருக்கிறார்கள்.

இலவசமாகப் பகிர்வது மட்டும் சட்டப்படி சரியா என்று கேட்பீர்கள். சரியில்லை. அமெரிக்காவில் 1994 முதல், கலைஞரின் சம்மதம் இல்லாமல் மேடை நிகழ்ச்சியைப் பதிவு செய்வதும் பரப்புவதும் தடை. லாப நோக்கில் செய்தால் முதல் குற்றத்துக்கே ஐந்து ஆண்டு வரை சிறை. இந்தியக் காப்புரிமைச் சட்டத்திலும் 1994 திருத்தத்தில் கலைஞர் உரிமை என்று தனியே சேர்த்தார்கள், இப்போது அதன் காலம் 50 ஆண்டு. சம்மதத்தோடு நடப்பதும் உண்டு. கிரேட்ஃபுல் டெட் குழு 1984-ல் பதிவு செய்பவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது, விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. 2002-ல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவின் லைவ் மியூசிக் பகுதி, அனுமதி தந்த குழுக்களின் நிகழ்ச்சிகளை மட்டும் வைத்திருக்கிறது. மனசாட்சி உறுத்தாமல் கேட்க நினைப்பவர்கள் அங்கே தொடங்கலாம்.

புகாரும் பதிலும்

ஸ்பெக்ட்ரோகிராம் படம், ஏடிஐபி படம், டிராக் நீளங்களின் பட்டியல் என்று ஒரு பிராஜெக்ட் ரிப்போர்ட் போலவே தயார் செய்து விற்றவருக்கு அனுப்பினேன். சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். நான்கு மணி நேரத்தில் பதில் வந்தது. மன்னிப்பு, 60 டாலரும் திருப்பித் தருகிறேன், சிடியைத் திருப்பி அனுப்ப வேண்டாம், தயவுசெய்து எதிர்மறைக் கருத்து மட்டும் போட வேண்டாம். மறுநாள் பணமும் வந்துவிட்டது.

அப்போதுதான் அவருடைய 99 சதவீத நற்பெயர் எப்படி வந்தது என்று புரிந்தது. வாங்குபவர்களில் பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியாது. பொருள் வந்ததா, பாடியதா, ஐந்து நட்சத்திரம். தெரிந்து கேட்கும் ஒருவருக்கு உடனே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அவரும் வாயை மூடிக்கொள்வார். வெற்று சிடி-ஆரின் விலை சில சென்ட்தான். தளத்தின் மதிப்பெண் காட்டுவது தபால் ஒழுங்காக வருகிறதா என்பதைத்தான். உள்ளே இருப்பது என்ன என்று அதற்குத் தெரியாது.

நானும் வாயை மூடிக்கொண்டேன். பணம் வந்ததும் கருத்து எதுவும் போடவில்லை. எனக்குப் பிறகு அதே சிடியை இன்னும் நான்கு பேர் வாங்கியதை விற்று முடிந்தவை பக்கத்தில் பார்த்தேன். தளத்திடம் புகார் செய்யலாம் என்று படிவத்தைத் திறந்தேன். 'இந்தப் பதிவின் உரிமையாளர் நீங்களா?' என்பது முதல் கேள்வி. நான் இல்லை. மில்லர்டும் இல்லை, இருந்தாலும் அவர் உரிமையாளர் ஆக மாட்டார். பாடல் குழுவினுடையது. பெரிய தளங்களில் நடைமுறை ஏறக்குறைய இப்படித்தான். ஈபே பூட்லெக் விற்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது, உரிமையாளர்கள் நேரடியாகப் புகார் தர வீரோ என்ற திட்டமும் அங்கே உண்டு. டிஸ்காக்ஸ் தளத்தில் பூட்லெக்குகள் பட்டியலில் இருக்கும், ஆனால் விற்பனைக்குப் போட முடியாது. இருந்தும் தலைப்பில் 'லைவ்', 'அரிது' என்று மட்டும் எழுதிப் புகுந்துவிடுகிறார்கள். நான் படிவத்தை மூடிவிட்டேன். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆபீஸில் இந்தக் கதையைக் கேட்ட நண்பர் ஒருவர், 'உன்னிடம்தான் நல்ல தரத்தில் இருக்கிறதே, நீயே விற்றால் என்ன?' என்றார். அன்று இரவு எக்செல்லில் கணக்குப் போட்டேன். 11 சிடி, சராசரி 40 டாலர் என்றால் 440 டாலர். விளம்பரமும் எழுதத் தொடங்கினேன். பொய் சொல்ல மனம் வரவில்லை, உள்ளதை எழுதினேன்: 'இலவசமாகக் கிடைக்கும் பதிவு. நான் சிடி-ஆரில் ரைட் செய்தது.' படித்துப் பார்த்தேன். இதை யார் வாங்குவார்கள்? 46 டாலர் என்பது முழுக்க முழுக்க எழுதாமல் விட்ட இரண்டு வரிகளின் விலை. அந்த விளம்பரம் இன்றும் டிராஃப்ட்டில் கிடக்கிறது.

2025 டிசம்பர் 12 அன்று, 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தின் 50-ஆம் ஆண்டுப் பதிப்பு வெளிவந்தது. அதில் சேர்க்கப்பட்டிருந்தது 1975 ஏப்ரல் 26 லாஸ் ஏஞ்சல்ஸ் நிகழ்ச்சி. ஆம், மைக் மில்லர்டின் பதிவுதான், அவர் பெயரோடு. ஒலியைச் செப்பனிட்டவர் ஸ்டீவன் வில்சன். சக்கர நாற்காலியில் கடத்திக்கொண்டு போன கருவியில் பதிந்தது, குழுவின் சொந்த ஆல்பத்தில் வந்து உட்கார 50 ஆண்டு ஆனது.

வந்த அன்றே ஹாலில் ஸ்பீக்கரில் போட்டேன். பாடல்களுக்கு நடுவே கைதட்டல் விக்கல் இல்லாமல் ஓடியது. அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, 'இது அன்னிக்குக் கப்பல்ல வந்த பாட்டுதானே?' என்றார்.

இதை எழுதும் முன் அந்த விற்பனையாளர் என்ன செய்கிறார் என்று ஒரு முறை எட்டிப் பார்த்தேன். அதே புகைப்படம், அதே சிடி. தலைப்பில் மட்டும் ஒரு வரி புதிது: 'ரீமாஸ்டர் செய்து கெடுக்காத அசல் ஒலி'. ஆரம்ப விலை 19 டாலர், மூன்று பேர் கேட்டிருந்தார்கள்.